கால் வைக்கும் ஜலம்

சென்னைப் பட்டணத்தில் பாதங்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. லஸ் முனையில் புறப்பட்டுப் பாண்டி பஜார் வழியாக அடையாறு காந்தி நகர் வரையில் ஒரு முறை போய் வாருங்கள். முகத்துக்கும் கூந்தலுக்கும் அழகு செய்கிற நிலையங்களில் இப்போது கால்களுக்கும் தனி மரியாதை நடக்கிறது. ஒரு சாய்வு நாற்காலி, அதன் காலடியில் ஒரு தொட்டி, தொட்டியில் வெந்நீர், வெந்நீரின் மேல் ரோஜா நிறத்தில் நுரை. இந்த உபசாரத்துக்குப் பெடிக்யூர் என்றும், தொட்டிக்குப் புட் ஸ்பா என்றும் பெயர் சொல்கிறார்கள். நாம் பாத ஸ்நானத் தொட்டி என்று வைத்துக் கொள்வோம். இதே தொட்டி சிறிய உருவத்தில் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் ஜலம் குமிழியிடுகிறது, அதிர்கிறது, சூடேறுகிறது. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் தாயாரின் அறுபது வயது நிறைவுக்கு இதை வாங்கி அனுப்புகிறார்கள்.

இந்த சுகத்தைப் பழிப்பது நமது நோக்கமல்ல. விடியற்காலை முதல் அடுப்பின் முன்னால் நிற்கிற கால்களுக்கு மாதம் ஒரு முறை வெந்நீரில் இளைப்பாற உரிமை உண்டு. கடைகளில் நாள் முழுதும் நின்றபடி வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஆசனம் தர வேண்டும் என்று நமது ராஜ்யத்தில் 2021-ஆம் ஆண்டில்தான் சட்டம் செய்தார்கள். அதுவரையில் தியாகராய நகரின் துணிக்கடைகளில் எத்தனை ஆயிரம் கால்கள் வீங்கியிருக்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்? ஆகவே பாதங்களைக் கவனிப்பது வீண் ஆடம்பரம் என்று நாம் சொல்லப் போவதில்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். நமக்கு முன்னால் அந்தத் தொட்டியில் கால் வைத்தவர் எழுந்து போன பிறகு, நாம் கால் வைப்பதற்குள் அங்கே என்ன நடந்தது?

நமது முன்னோர்களின் வழக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. வீட்டு வாசலில் ஓர் அண்டாவில் ஜலமும் பக்கத்தில் ஒரு செம்பும் இருக்கும். வெளியே போய் வந்தவர் செம்பால் மொண்டு காலில் விட்டுக் கொள்வார். விட்ட ஜலம் வாழைப் பாத்திக்குப் போய்விடும். ஒருவர் பாதத்தைத் தொட்ட ஜலம் இன்னொருவர் பாதத்துக்குத் திரும்பி வராது. பெரியோர்களுக்குப் பாத பூஜை செய்யும்போதும் மேலிருந்து வார்ப்பதுதான் முறை. பாத ஸ்நானத் தொட்டியிலோ ஜலம் எங்கும் போவதில்லை. பெரிய தொட்டிகளில் ஒரு விசைக் குழாய் அதை உறிஞ்சி, ஒரு வலையின் வழியாக உள்ளே இழுத்து, மறுபடியும் காலின் மேல் பீய்ச்சுகிறது. அழுக்கும் அதோடு உள்ளே போகிறது. ஆனால் எல்லா அழுக்கும் திரும்பி வருவதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொன்னதும், “பார்த்தீர்களா, நம் பழைய ஆசாரமே ஆசாரம்!” என்று சில நேயர்கள் மீசையை முறுக்கக் கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். இதே தேசத்தில்தான் படிக்கட்டுக் கிணறுகளில் இறங்கி, முழங்கால் அளவு ஜலத்தில் நின்று, அந்த ஜலத்தையே குடத்தில் மொண்டு வந்து குடித்தோம். அதன் பலனாக நரம்புச் சிலந்தி என்னும் வியாதியைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தோம். அந்தப் புழு பெரும்பாலும் மனிதனுடைய காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் அவன் காலை ஜலத்தில் வைப்பான். உடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அதில் விட்டுவிடும். அவற்றை ஜலத்திலுள்ள நுண்ணிய தெள்ளுப்பூச்சிகள் விழுங்கும்; அந்த ஜலத்தை ஊரார் குடிப்பார்கள். இந்த வியாதிக்குத் தடுப்பு ஊசியும் கிடையாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. வடிகட்டிக் குடிக்கவும், குடிக்கும் ஜலத்தில் கால் வைக்காமல் இருக்கவும் ஜனங்களுக்குக் கற்றுக் கொடுத்தே நமது சுகாதார ஊழியர்கள் அதை ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டில் கண்டவர். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்கு நற்சான்று வழங்கியது. சுதந்திர பாரதம் பெருமைப்பட வேண்டிய காரியங்களில் இது ஒன்று. ஆனால் இதற்காக யாரும் ஊர்வலம் விட்டதாக நமக்கு ஞாபகம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், காலும் ஜலமும் சம்பந்தப்பட்ட வேறொரு வியாதி அதே 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தலை காட்டியது. கலிபோர்னியாவில் வாட்ஸன்வில் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வைத்தியர் தம்மிடம் வந்த சில பெண்களின் முழங்காலுக்குக் கீழே ஒரே மாதிரியான கட்டிகள் இருப்பதைக் கண்டார். சாதாரண மருந்துகளுக்கு அவை மசியவில்லை. விசாரித்ததில், எல்லாரும் ஒரே அழகு நிலையத்தில் பாத ஸ்நானம் செய்தவர்கள் என்று தெரிய வந்தது. சுகாதார அதிகாரிகள் தேடியபோது அந்த நிலையத்தின் வாடிக்கைக்காரர்களில் 110 பேருக்கு இந்தக் கட்டிகள் இருந்தன. நிலையத்தில் 10 தொட்டிகள். பத்திலும் அதே கிருமி. இந்த விவரங்கள் 2002-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் வெளியாயின.

தொட்டிகளை அங்கே கழுவாமல் விட்டிருந்தார்களா என்றால், அப்படியும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த பாகத்தைக் கழுவிக் கொண்டுதான் இருந்தார்கள். ஜலத்தை உறிஞ்சும் வலையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வலைக்குப் பின்னால் மயிரும், உதிர்ந்த தோலும், அழுக்கும் அடையாக அப்பியிருந்தன. கிருமிகளுக்கு அது அன்னசத்திரம். நாள்தோறும் வெந்நீரும் வந்து கொண்டிருந்தது. ஒவ்வொருவர் கால் வைக்கும்போதும் விசை அந்தச் சத்திரத்தின் வழியாகவே ஜலத்தைச் செலுத்தியது. பிற்பாடு கலிபோர்னியாவின் 18 நிலையங்களில் 30 தொட்டிகளைச் சோதித்ததில் 29 தொட்டிகளில் இந்த வர்க்கத்துக் கிருமிகள் அகப்பட்டன. ஆகையால் வாட்ஸன்வில் நிலையத்தார் மட்டும் ஏதோ பெரும் பாவிகள் என்று எண்ண வேண்டாம்.

அந்தக் கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் பார்ச்சூயிட்டம். காசநோயையும் குஷ்டத்தையும் உண்டாக்கும் கிருமிகளுக்கு இது தாயாதி. ஆனால் அவற்றைப்போல் மனிதனைத் தேடி அலைவதில்லை. மண்ணிலும் ஜலத்திலும் தன்பாட்டில் கிடப்பது. மெழுகு போன்ற ஒரு போர்வை இதற்கு உண்டு. குழாய் ஜலத்தில் கலக்கிற குளோரின் காலராக் கிருமியைக் கொல்லும். இதனிடம் அவ்வளவு எளிதில் பலிப்பதில்லை. முழுத் தோல் இதற்கு நல்ல கோட்டை. கோட்டையில் சிறு வெடிப்பு இருந்தால் நுழைந்துவிடும். அதனால்தான் பாத ஸ்நானத்துக்கு முன்னால் ரேஸரால் காலைச் சிரைத்துக் கொண்டவர்களுக்கு ஆபத்து அதிகமாயிற்று என்று மேற்சொன்ன விசாரணையில் கண்டார்கள்.

“அமெரிக்காவில் நடந்தது நமக்கென்ன?” என்பவர்களுக்கு அருகாமையிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. அது கால் தொட்டி சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் கிருமி அதே குலத்தைச் சேர்ந்தது. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில், வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் சஸ்திர சிகிச்சைக்குப் பிறகு, ஆறு வாரங்களில் 35 நோயாளிகளுக்கு 145 துளைகளில் புண் கண்டது. 2006-ஆம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியாயிற்று. கருவிகளை மருந்தில் ஊற வைத்துச் சுத்தம் செய்யத்தான் செய்தார்கள். பிறகு மருந்து போவதற்காக அவற்றை அலசிய ஜலத்தில்தான் கிருமி இருந்தது! சுத்தம் செய்து முடித்த பிறகு அலசுகிற ஜலமும் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதை நமது வீடுகளில் எத்தனை பேர் நினைக்கிறோம்? மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்று கேட்டால், அடுக்குமாடி வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

சென்னை ஜலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தைக் காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படியும். அதே உப்புத்தான் கால் தொட்டியின் அடியிலும் துளைகளிலும் படிகிறது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் உப்புப் படிந்தால் சொரசொரப்பாகிறது. சொரசொரப்பில் ஸோப்பும் தோலும் எண்ணெயும் ஒட்டுகின்றன. அவற்றின் மேல் வழுவழுவென்று ஒரு படலம் உண்டாகிறது. விரலால் தடவினால் பாசிபோல் வழுக்கும். இந்தப் படலத்துக்குள் கிருமிகள் குடும்பம் குடும்பமாய் வாழ்கின்றன. மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் அது படலத்தின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுப் போய்விடும். ஆகையால் முதலில் தேய்த்தல், பிறகுதான் மருந்து. இந்த வரிசையை மாற்றினால் மருந்துக்குக் கொடுத்த பணம் தண்டம்.

இனி வீட்டுத் தொட்டியின் சங்கதிக்கு வருவோம். மின்சாரச் சாமான் ஆகையால், ஜலம் ஊற்றுவதற்கு முன்னாலும் கொட்டுவதற்கு முன்னாலும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கால் தொட்டிக்குள் இருக்கும்போது ஈரக் கையால் சுவர் ஸ்விட்சை எட்டித் தொடக் கூடாது. தொட்டியைக் குழாயடியில் முழுக்காட்டுவதும் கூடாது. விசைப் பகுதிக்குள் ஜலம் போனால் அடுத்த முறை கால் வைப்பவருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். உபயோகித்த ஜலத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இரவு முழுதும் விட்டு வைக்காமல் உடனே கொட்டிவிட வேண்டும். கழற்றக் கூடிய வலை, உருளை, மூடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஸோப்பு ஜலமும் பழைய பல் பிரஷும் கொண்டு மூலை முடுக்கு, துளைகளின் வாய், உருளையின் அச்சு ஆகிய இடங்களைத் தேய்க்க வேண்டும். தேங்காய் நார் பிளாஸ்டிக்கைக் கீறும். கீறல் கிருமிக்குப் பள்ளத்தாக்கு. தேய்த்த பிறகு நல்ல ஜலத்தில் அலச வேண்டும்.

ஒருவரே உபயோகிக்கிற தொட்டியானால் இவ்வளவும் செய்து நன்றாக உலர்த்தினால் அன்றைக்குப் பெரும்பாலும் போதும். வாரம் ஒரு முறையும், தொட்டி கை மாறும் போதெல்லாமும், கிருமிநாசினி போட வேண்டும். தொட்டியோடு வந்த சிறு புஸ்தகத்தில் எந்த மருந்தைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். அதைத் தீபாவளிக் குப்பையோடு எறிந்துவிடாமல் வாசிக்க வேண்டும். பிளீச் கூடாது என்று அதில் சொல்லாவிட்டால், 100-க்கு 5 பங்கு ஹைபோகுளோரைட் உள்ள பிளீச் திரவத்தில் லிட்டர் ஜலத்துக்கு 10 மில்லி வீதம் கலக்கலாம். ஐந்து லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு 50 மில்லி. ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக் கொண்டு, அந்தக் கலவையை நிரப்பி, குமிழியிடும் விசையை ஓடவிட வேண்டும். அப்போதுதான் மருந்து துளைகளுக்குள்ளும் போகும். பத்து நிமிஷம் முழுதாகக் கடிகாரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ‘ஊற்றினேன், கொட்டினேன்’ என்றால் கிருமிகள் சிரிக்கும். பிறகு கொட்டி, சுத்தமான ஜலத்தில் அலசி, துணியால் துடைத்து, கவிழ்த்துக் காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிப் பரணில் போட்ட தொட்டி அடுத்த மாதம் கீழே இறங்கும்போது அதில் என்ன வளர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளீச்சிங் பவுடர் நமது ஊருக்குப் பழகிய பொருள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தபோது, வெள்ளம் வடிந்ததும் எங்கே பார்த்தாலும் அதன் வாசனைதான். ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் நாளடைவில் போய்விடும். கிழிந்த பொட்டலத்தில் ஒரு வருஷமாய்க் கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். மந்திரிமார் வருகிற தெருக்களில் இரு புறமும் வெள்ளைக் கோடு போடுகிறார்களே, அதனால் எந்தக் கிருமி செத்தது என்று நமக்கு வெகு நாளாகச் சந்தேகம்.

இங்கே ஓர் அபாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புப் படிவை நீக்க வினிகரும் எலுமிச்சம்பழமும் நல்லவை. அவற்றை ஒரு நாள் உபயோகியுங்கள். ஜலம் விட்டு நன்றாக அலசிவிடுங்கள். பிளீச்சை இன்னொரு நாள் உபயோகியுங்கள். இரண்டையும் சேர்த்தால் ‘இரட்டிப்பாகச் சுத்தமாகும்’ என்று எண்ணி ஒரே சமயத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் மகாயுத்தத்தில் 1915-ஆம் வருஷம் ஈப்ரே என்னுமிடத்தில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. குளியலறைத் தரைக்கு ஊற்றுகிற ஆசிட்டைப் பிளீச்சோடு கலந்தால் இன்னும் மோசம். கதவு சாத்திய சிறு குளியலறையில் இந்தக் கலவையைச் செய்கிறவர் மூச்சு முட்டி விழக் கூடும். வேலை செய்ய வருகிற அம்மாளிடம் இரண்டு புட்டிகளையும் கொடுத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்காருகிற எஜமானிகள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிப்பது நலம்.

கால் வைக்கும் ஜலத்தில் நாலு சொட்டுக் கிருமிநாசினித் திரவம் விட்டுக் கொண்டால் தொட்டி சுத்தமாகிவிடும் என்பதும் பிரமையே. அவ்வளவு ஜலத்தில் அது கரைந்து வாசனை மட்டும் மிஞ்சும். வாசனை வந்துவிட்டால் சுத்தம் வந்துவிட்டது என்று நமது ஜனங்கள் நம்பும்படி விளம்பரக்காரர்கள் செய்துவிட்டார்கள்.

அழகு நிலையங்களுக்குப் போகிறவர்களுக்கு நமது யோசனை வேறு. விசையும் குழாயும் உள்ள பளபளப்பான தொட்டியைவிட, சாதாரணமான பிளாஸ்டிக் தொட்டி அல்லது எவர்சில்வர் பேசின் மேலானது. அதில் ஒளிந்து கொள்ள இடமில்லை. கண்ணால் பார்த்தே தேய்த்துவிடலாம். விசைத் தொட்டிதான் இருக்கிறது என்றால், “ஒருவர் எழுந்ததும் மருந்து போட்டுப் பத்து நிமிஷம் ஓட விடுகிறீர்களா? வலையைத் தினமும் கழற்றுகிறீர்களா?” என்று கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்வதற்கு வராத கூச்சம் இங்கே ஏன் வருகிறதோ தெரியவில்லை. காலைச் சிரைத்துக் கொள்வதானால், பாத ஸ்நானத்துக்குப் போகும் நாளில் வேண்டாம். முதல் நாளும் வேண்டாம். கொசுக்கடியைச் சொறிந்த புண் இருந்தாலும் அது ஆறிய பிறகு போகலாம். கோடையில் ஜலக் கஷ்டம் வரும்போது தொட்டி கழுவுவதில்தான் முதலில் சிக்கனம் பிடிப்பார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஜலம் வந்ததே, அந்த மாதிரி மாதங்களில் பாதங்களுக்கு வீட்டுச் செம்பே போதும்.

கேட்கிறபோது யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் நிதானம் வேண்டும். நம் காலடியில் சிறு முக்காலியில் உட்கார்ந்து நமது குதிகாலைத் தேய்க்கிற பெண் அநேகமாய் மணிப்பூரிலிருந்தோ மிஜோராமிலிருந்தோ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்தவள். அவளை அதட்டுவது எளிது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பத்து நிமிஷம் தர முதலாளி சம்மதிக்கவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்? சனிக்கிழமை மாலையில் வரிசையாகக் காத்திருக்கும் நாமே அல்லவா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுக்கிறோம்? கையுறையில்லாமல் நாள் முழுதும் மருந்து ஜலத்தில் கை வைப்பதால் அவளுடைய விரல்கள்தான் வெடிக்கின்றன; கிருமிக்கு அந்த வெடிப்பும் வாசல்தான். 1901-ஆம் ஆண்டில் கல்கத்தாக் காங்கிரஸுக்குப் போன காந்திஜி, அங்கே நாறிக் கிடந்த கக்கூஸைத் தொண்டர்களுக்குக் காட்டினார். அது தங்கள் வேலையல்ல என்று அவர்கள் சொன்னதும் தாமே துடைப்பம் கேட்டு வாங்கிக் கழுவினார். நேயர்களை அழகு நிலையத்தில் தொட்டி கழுவும்படி நாம் சொல்லவில்லை. பத்து நிமிஷம் பொறுமையாகக் காத்திருங்கள் என்று சொல்கிறோம். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வைத்தால் முகம் சுளிக்காமல் கொடுங்கள் என்றும் சொல்கிறோம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாத ஸ்நானத் தொட்டி எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் வேண்டாம். நமது நகரத்தில் அப்படிப்பட்டவர் இல்லாத குடும்பம் அபூர்வம். அறுபது வயதுப் பரிசு வாங்குகிற பிள்ளைகள் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். நீரிழிவு நாளானால் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. ஜலம் கொதிக்கிற சூடா, இதமான சூடா என்று காலுக்குத் தெரியாது. வெந்து போன பிறகு கொப்புளத்தைக் கண்டுதான் தெரிந்து கொள்வார்கள். வெகு நேரம் ஊறினால் தோல் உலர்ந்து வெடிக்கும். வெடிப்பில் புண் வந்தால் ஆறுவது கஷ்டம். விரலில் ஆரம்பித்துக் காலையே எடுக்க நேர்ந்த துயரங்களை எந்த ஆஸ்பத்திரி வைத்தியரும் சொல்வார். அவர்களுக்குப் பழைய செம்புதான் உத்தமம். வெதுவெதுப்பான ஜலம், அதையும் முழங்கையால் தொட்டுப் பார்த்து, மிருதுவான ஸோப்பு, கழுவியதும் விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைப்பது, பிறகு ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. தாயாருக்குக் குனிய முடியாவிட்டால் பிள்ளையோ பெண்ணோ பார்க்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். பாத ஸ்நானம் செய்து சில வாரங்களுக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே சிவந்த சிறு கட்டி எழும்பினால், அதைக் கொசுக்கடி என்று தள்ளாதீர்கள். மஞ்சளை அப்பிக் கொண்டு மாதக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். வைத்தியரிடம் போனதும் இன்ன தேதியில் இன்ன தொட்டியில் கால் வைத்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கத் தனியான சோதனை வேண்டும். சாதாரணச் சீழ்ச் சோதனையில் அது தப்பிவிடக் கூடும். நீங்கள் சொன்னால்தான் அந்தச் சோதனைக்கு அவர் எழுதிக் கொடுப்பார்.